மழைப் பட்டியலும் பழைய பிரவுசரும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூர் மாவட்டத்தில் அதிகம் புழங்கும் அட்டவணை மழையளவுப் பட்டியல்தான். காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதே அதன் உள்ளடக்கம். கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், அண்ணாமலைநகர், புவனகிரி, சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், தொழுதூர் என்று ஊர்ப் பெயர்கள் இடப்பக்கம் இறங்கும். புள்ளி வைத்த எண்கள் வலப்பக்கம் இறங்கும். தாளில் எழுத ஒரு ஸ்கேலும் பேனாவும் போதும். இதையே தமிழில் இணையப் பக்கமாக்கி, விண்டோஸ் எக்ஸ்பி கணினியில், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இல், கோடு பிசகாமல் எண் நகராமல் தெரியவைப்பது தனி வித்தை. அந்த வித்தையில் தேர்ந்தவர்களை எவரும் கைவினைஞர் என்று அழைத்ததில்லை. செய்த வேலையைப் பார்த்தால் அழைத்திருக்கலாம்.

இந்த வித்தைக்குத் தேவை எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் காலக்கணக்கு வேண்டும். அட்டவணை டேக்குகள் 1995-இல் நெட்ஸ்கேப் 1.1 வழியாகப் பரவின. 1996 மே மாதம் அவற்றுக்கென டேவ் ராகெட் எழுதிய விதிமுறை வெளியானது. தலைப்பகுதி, உடற்பகுதி, அடிப்பகுதி என்று அட்டவணையைப் பிரிக்கும் டேக்குகளை 1997 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்எல் 4 நிலைநிறுத்தியது. கோடுகள் எப்படிச் சேர வேண்டும், வெற்றுக் கட்டத்தை எப்படி வரைய வேண்டும் என்பதையெல்லாம் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியின் 1998 மே மாதத்து இரண்டாம் பதிப்பு வகுத்துவிட்டது. எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001-இல். அந்த விதிகளில் பலவற்றை அது கண்டுகொள்ளவில்லை. அடுத்த பதிப்பு வர 2006 அக்டோபர் ஆயிற்று. அதுவும் அட்டவணை விஷயத்தில் பெரிதாகத் திருந்தவில்லை. 2009 மார்ச்சில் வந்த எட்டாம் பதிப்புதான் ஏறக்குறைய எல்லா விதியையும் ஏற்றது. விதி எழுதப்பட்டதற்கும் அந்தப் பிரவுசர் அதைக் கடைப்பிடித்ததற்கும் நடுவே பதினொரு ஆண்டு. அந்த இடைவெளியில்தான் இந்தக் கைவேலை வளர்ந்தது.

தமிழுக்கு இதில் கூடுதல் பாடு இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துகள் ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் முறைகளும் சரி, உலகத் தமிழர் பலர் புழங்கிய திஸ்கியும் சரி, உரிய ஃபான்ட் மேலே ஏறினால்தான் தமிழாகத் தெரியும். ஏறாவிட்டால் கொம்பும் குறியும் வைத்த லத்தீன் எழுத்துகள் கொட்டும். பத்திகளுக்கு ஒரு ஃபான்ட் டேக் போட்டு மூடினால் வேலை முடிந்தது. அட்டவணைக்கு அது செல்லாது. வெளியே போட்ட ஃபான்ட் டேக் அட்டவணையின் கட்டங்களுக்குள் நுழையாது. ஆகவே செய்தி தமிழிலும் பட்டியல் குப்பையிலுமாகப் பக்கம் திறக்கும். தீர்வு, கட்டத்துக்குக் கட்டம் தனியாக ஃபான்ட் டேக் போடுவது. டாப், திஸ்கி போன்ற இருமொழி முறைகளில் எண்கள் தம் வழக்கமான இடத்திலேயே இருந்ததால், விவரம் தெரிந்தவர் ஊர்ப் பெயர்க் கட்டங்களுக்கு மட்டும் டேக் போட்டு, எண் கட்டங்களைச் சும்மா விட்டார். பக்கத்தின் எடை வெகுவாகக் குறையும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் சொட்டிக்கொண்டிருந்த நாட்களில் அது சிறிய சேமிப்பில்லை.

யூனிகோடு வந்ததும், லதா ஃபான்ட்டை விண்டோஸ் 2000 கூடவே கொண்டுவந்ததும், இந்தத் தொல்லையைத் தீர்த்தன; வேறொன்று கிளம்பியது. பக்கத்தின் உடலுக்குக் கொடுத்த எழுத்தளவு அட்டவணைக்குள் இறங்காது. சுற்றியிருக்கும் உரை சிறிய எழுத்திலும் அட்டவணை மட்டும் பெரிய எழுத்திலும் நிற்கும். காரணம், பழைய பக்கங்கள் உடையாமலிருக்க பிரவுசர்கள் வைத்துக்கொண்ட 'குவர்க்ஸ்' நிலை. பக்கத்தின் முதல் வரியில் முறையான டாக்டைப் அறிவிப்பு இல்லாவிட்டால், பிரவுசர் 1990-களின் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். அட்டவணைகள் வெளி அளவை ஏற்காதது அந்தப் பழக்கங்களில் ஒன்று.

இதற்குப் பலரும் செய்த வைத்தியம், உடலுக்கும் கட்டத்துக்கும் சேர்த்து 80 விழுக்காடு எழுத்தளவு என்று எழுதுவது. எக்ஸ்புளோரரில் சரியாகிவிடும். விதிப்படி நடக்கும் பிரவுசரில் எண்பதில் எண்பது, அதாவது 64 விழுக்காடாகி, மழையளவு எறும்பு வரிசையாகிவிடும். 'மேலிருப்பதையே ஏற்றுக்கொள்' என்று சொல்லும் இன்ஹெரிட் சொல்லைக்கூட எக்ஸ்புளோரர் 7 வரை ஓரிரு பண்புகளைத் தவிர வேறெதற்கும் புரிந்துகொள்ளவில்லை. சரியான மருந்து ஒரே வரிதான்: டாக்டைப். அதிலும் ஒரு கண்ணி உண்டு. யூனிகோடு தமிழ்ப் பக்கம் செய்தவர்களில் விதியை மதித்தவர்கள், எழுத்துமுறையை அறிவிக்கும் எக்ஸ்எம்எல் வரியை டாக்டைப்புக்கு முன்னால் வைத்தார்கள். டாக்டைப்புக்கு முன் என்ன இருந்தாலும் எக்ஸ்புளோரர் 6 குவர்க்ஸுக்கு விழுந்துவிடும். அந்த வரியை எடுத்துவிட்டு, எழுத்துமுறையை மெட்டா டேக்கில் சொன்னால் பக்கம் முழுவதும் நேராகும். வரியைச் சேர்க்காமல் நீக்கிச் செய்யும் இத்தகைய திருத்தங்களே இந்தத் துறையில் அதிக அழகுள்ளவை.

எழுத்தளவைப் பிக்சலில் கட்டிப்போட்டுத் தப்பித்தவர்களும் உண்டு. எக்ஸ்புளோரர் 6-இல் பிக்சலில் கொடுத்த எழுத்தைப் பயனரால் பெரிதாக்க முடியாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையருகே குனியும் வருவாய்த் துறை ஊழியரை நினைத்தால், அது தப்பித்தல் மட்டுமே, திருத்தம் ஆகாது.

இனி நீண்ட ஊர்ப் பெயர்கள். தமிழ் அட்டவணையின் மெய்யான சோதனை இங்கேதான். காட்டுமன்னார்கோயில் என்ற பெயரில் பத்து எழுத்து; யூனிகோடில் எண்ணினால் 19 குறியீடு. நடுவில் இடைவெளி கிடையாது. தானாக அகலம் கணக்கிடும் அட்டவணையில், ஒரு நெடுவரிசை அதிலுள்ள மிக நீண்ட உடையாத சொல்லைவிடக் குறுகாது. ஆங்கிலத்தில் சிதம்பரம், புவனகிரி என்று அடக்கமாக நிற்கும் பட்டியல், தமிழில் சேத்தியாத்தோப்பும் பரங்கிப்பேட்டையும் காட்டுமன்னார்கோயிலும் வந்ததும் விரியும். ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதவாரியாகப் பன்னிரண்டு நெடுவரிசையும் மொத்தமும் சேர்ந்தால், 800 பிக்சல் அகலமுள்ள பழைய மானிட்டர் தாங்காது. தலைப்பு வரியில் 'செப்டம்பர்' வேறு. எக்ஸ்புளோரர் 6-க்கு இன்னொரு குணம்: உள்ளே இருப்பது பெருத்தால் வெளிப்பெட்டியும் பெருக்கும். பெட்டி பெருத்ததும் பக்கத்து நெடும்பகுதி இடமின்றிக் கீழே விழும். அட்டவணையில் ஒரு ஊர்ப் பெயர் நீண்டதற்கு, பக்கத்தின் வலப்புறப் பட்டியல் அடியில் போய்க் கிடக்கும். காரணத்தைத் தேடுபவர் வலப்புறப் பட்டியலையே புரட்டிக்கொண்டிருப்பார்.

முதல் மருந்து, 'டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸட்'. எக்ஸ்புளோரர் 5-இலிருந்தே இது உண்டு. முதல் வரியை வைத்தே எல்லா அகலத்தையும் முடிவுசெய்துவிடும்; முழு அட்டவணையும் வந்து சேரக் காத்திராததால் வேகமாகவும் வரையும். ஆனால் அகலம் போதாத பெயர் பக்கத்துக் கட்டத்தின் எண் மீது ஏறிப் படுக்கும். அதற்கு இரண்டாவது மருந்து, 'வேர்ட்-ராப்: பிரேக்-வேர்ட்'. இது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரர் 5.5-இல் தானாகச் சேர்த்தது. ஃபயர்பாக்ஸ் 2009-இல் 3.5 பதிப்பில்தான் எடுத்துக்கொண்டது. பழைய பிரவுசர் புதியவற்றுக்கு முன்னோடியான சில இடங்களில் இதுவும் ஒன்று. என்றாலும் சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டும். 'காட்டுமன்னா' ஒரு வரியிலும் 'ர்கோயில்' அடுத்த வரியிலுமாக நிற்கும். மெய்யெழுத்தில் வரி தொடங்குவதைத் தமிழ்க் கண் பொறுக்காது.

மூன்றாவது, வெட்டும் இடத்தைக் கைப்படக் காட்டுவது: காட்டுமன்னார், கோயில் என்ற இரண்டுக்கும் நடுவே. 'டபிள்யூபிஆர்' டேக் எக்ஸ்புளோரர் 7 வரை வேலை செய்தது, எட்டில் நின்றுபோனது. அகலமற்ற இடைவெளிக் குறியை எக்ஸ்புளோரர் 6 சில ஃபான்ட்டுகளில் சின்னக் கட்டமாகக் காட்டித் தொலைத்தது. மென்கோடு எனப்படும் மறைந்த இணைப்புக்குறியை எக்ஸ்புளோரர் அறிந்திருந்தது. ஃபயர்பாக்ஸ் 2008-இல் மூன்றாம் பதிப்பு வரை அறியவில்லை. ஆக ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஒத்துக்கொண்டு மறுபக்கம் காலை வாரியது. இதோடு, குறிப்பு எழுதும் நெடுவரிசையை இருபுறமும் சீராக நிரப்பப் பார்த்தவர்களுக்குப் பழைய ஃபயர்பாக்ஸ் தமிழ் எழுத்துகளையே உடைத்துச் சிதறவிட்ட கதையும் உண்டு. இடப்பக்கம் மட்டும் சீராக்கிவிட்டு ஒதுங்குவதே அதற்கு மருந்து.

நான்காவது வழிதான் தேர்ந்த கையின் வழி. பெயரைத் தொடாதே, எண்களின் இடத்தைக் குறை. மாத மழையளவுக்கு ஆறு எழுத்துக்கு மேல் இடம் தேவையில்லை. கட்டத்தின் உள்விளிம்பை இரண்டு பிக்சலுக்கு இறக்கி, மாதப் பெயர்களைச் சுருக்கி, ஊர்ப் பெயர்க் கட்டத்துக்கு 'நோராப்' கொடுத்து அதற்கு வேண்டிய அகலத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டால், உடைப்பு என்ற பேச்சே எழாது. மழைப் பட்டியல்களில் ஊர்ப் பெயரைச் சுருக்கி மே.மாத்தூர் என்று எழுதும் அலுவலக வழக்கம் இருக்கிறதே, அதுவும் இந்த நோக்கில் ஒரு நல்ல திருத்தம்தான். கணினிக்கு முந்தைய தட்டச்சு நாட்களின் புத்தியாக இருக்கலாம் அது.

வெற்றுக் கட்டம் இன்னும் நுட்பமானது. கட்டத்துக்குள் ஒன்றும் இல்லாவிட்டால், கோடுகள் தனித்தனியாக நிற்கும் முறையில், எக்ஸ்புளோரர் 7 வரை அந்தக் கட்டத்தின் கோட்டையே வரையாது. பல் விழுந்த வரிசைபோல் அட்டவணை இளிக்கும். 'வெற்றுக் கட்டத்தையும் காட்டு' என்ற சிஎஸ்எஸ் விதி அதற்குத் தெரியாது. உலகமெங்கும் செய்த வைத்தியம், உடையா இடைவெளி எனப்படும் 'என்பிஎஸ்பி' குறியை உள்ளே நிரப்புவது. கோடு வந்துவிடும். 'பார்டர்-கொலாப்ஸ்' கொடுத்துக் கோடுகளை ஒன்றாக்கினாலும் வந்துவிடும். பின்னதே மேலானது, ஏனெனில் தரவைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் திருத்துகிறது.

மழைப் பட்டியலில் இது வெறும் தோற்றப் பிரச்சினையும் இல்லை. 0.0 என்றால் அளந்தார்கள், மழை இல்லை. வெற்றிடம் என்றால் கணக்கு வந்து சேரவில்லை. 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது போன்ற ஒரு நாளில், மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த ஊரிலிருந்து அளவு வராமல் போகலாம். அந்தக் கட்டத்தைக் கோட்டுக்காகச் சுழியம் போட்டு நிரப்பினால், பட்டியல் பொய் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி போட்டால், ஒன்றும் சொல்லாது. ஒரு சிறு கோடு போட்டு, 'அளவு வரவில்லை' என்று அடிக்குறிப்பில் எழுதியவர் பிரவுசரின் குறையையும் பட்டியலின் குறையையும் ஒரே எழுத்தில் தீர்த்தார்.

எண்களை வலப்பக்கம் ஒதுக்கி, தசமப் புள்ளிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்துவது அடுத்த வேலை. ஹெச்டிஎம்எல் 4 இதற்கென்றே ஒரு பண்பை வைத்திருந்தது: புள்ளியைக் குறித்துச் சீராக்கு என்று சொல்லலாம். பெரிய பிரவுசர் எதுவும் அதை நிறைவேற்றவில்லை. ஆகவே எல்லா எண்ணையும் ஒரே தசம இடத்தோடு எழுதுவதே வழி. 12 மில்லிமீட்டர் என்றாலும் 12.0 என்றே எழுத வேண்டும். வலப்பக்கம் ஒதுக்கினால் புள்ளிகள் தாமாக நேராகும். ஒதுக்கும் கட்டளையை எங்கே எழுதுவது? நெடுவரிசைக்கான 'கோல்' டேக்கில் ஒரு முறை எழுதினால் எக்ஸ்புளோரர் 6, 7 இரண்டும் நெடுவரிசை முழுவதையும் வலப்பக்கம் தள்ளிவிடும். ஃபயர்பாக்ஸ் அசையாது, விதிப்படி அந்த டேக்குக்குக் கோடு, பின்னணி, அகலம், மறைப்பு ஆகிய நான்கைத் தவிர அதிகாரம் இல்லை. பழைய பிரவுசர் தாராளமாக நடந்து, சரியான பிரவுசர் கையை விரித்த வேடிக்கை இது. எக்ஸ்புளோரரில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்தவர்கள் இதில் மாட்டினார்கள். சிலர் நூற்றுக்கணக்கான கட்டங்களுக்கும் தனித்தனி கிளாஸ் எழுதினார்கள். 'இதற்கடுத்த கட்டம்' என்று சுட்டும் முறை எக்ஸ்புளோரர் 7-இல்தான் வந்தது. 'இத்தனையாவது கட்டம்' என்று எண்ணிச் சுட்டும் முறை ஒன்பதில்.

இவற்றையெல்லாம் ஓரங்கட்டும் தீர்வு ஒன்று இருந்தது. ஊர்ப் பெயர் சாதாரணக் கட்டமே இல்லை. அந்த வரிக்கு அது தலைப்பு. அதைத் தலைப்புக் கட்டமாக, 'டிஹெச்' டேக்கில் எழுதிவிட்டால், மிச்சமுள்ள 'டிடி' எல்லாம் எண்கள் மட்டுமே. பிறகு சிஎஸ்எஸ்ஸில் இரண்டே வரி: டிஹெச் இடப்பக்கம், டிடி வலப்பக்கம். கிளாஸ் இல்லை, தந்திரம் இல்லை, எக்ஸ்புளோரர் 6 முதல் எதிலும் பிசகாது. பார்வையற்றவர் கேட்கும் திரைவாசிப்பானும் 'சேத்தியாத்தோப்பு' என்ற தலைப்போடு எண்ணைச் சேர்த்துப் படிக்க இதுவே உதவுகிறது. அட்டவணை என்ன சொல்கிறது என்பதை ஒழுங்காக எழுதியவருக்குத் திருத்த வேண்டியது பாதிக்கு மேல் குறைந்துபோகிறது. இந்தக் கலையில் உச்சம் எது என்று கேட்டால் இந்த இரண்டு வரியைத்தான் காட்ட வேண்டும்.

எதிர்க்கோடியில் இருந்தது 'எக்ஸ்பிரஷன்'. கட்டங்களுக்கு நடுவே இடைவெளி விடும் சிஎஸ்எஸ் விதியை எக்ஸ்புளோரர் 7 வரை அறியாது. செல்ஸ்பேஸிங் என்ற பழைய ஹெச்டிஎம்எல் பண்பு மட்டுமே அதற்குத் தெரியும். அந்தப் பண்பைச் சிஎஸ்எஸ்ஸுக்குள்ளிருந்தே ஒரு சிறு நிரல் துண்டால் மாற்றும் தந்திரத்தைச் சாமர்த்தியசாலிகள் கண்டுபிடித்தார்கள். படிக்கும்போது வியப்பாகத்தான் இருக்கும். சுட்டெலி நகரும்போதெல்லாம் அந்த நிரல் திரும்பத் திரும்ப ஓடும் என்பதும், 256 எம்பி நினைவகம் கொண்ட கணினி அதில் திணறும் என்பதும் பிறகு தெரியும். செல்ஸ்பேஸிங் பண்பையே அட்டவணை டேக்கில் எழுதிவிட்டுப் போவது அழகில்லாத வழி. ஆனாலும் அதுவே நல்ல வழி.

அச்சடிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 முதல் இருக்கும் ஊர் சிதம்பரம். 1979-இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்ணிக்கையை ஊர் எல்லைக்கு வெளியே வெகுதூரம் கொண்டுபோனது. அப்படிப்பட்ட ஊரில் தேர்வு அட்டவணையும் மதிப்பெண் பட்டியலும் திரையில் பார்ப்பதற்கு மட்டுமல்ல, பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக் கையில் மடித்துக்கொண்டு போவதற்கும்தான். பட்டியல் இரண்டு பக்கம் ஓடினால், இரண்டாம் பக்கத்தில் எந்த நெடுவரிசை எது என்று தெரியாது. தலைப்பு வரியைத் தலைப்பகுதி டேக்குக்குள் வைத்து, 'டேபிள்-ஹெடர்-குரூப்' என்று ஒரு சொல் சிஎஸ்எஸ்ஸில் சேர்த்தால், பழைய எக்ஸ்புளோரரும் ஒவ்வொரு தாளிலும் தலைப்பைத் திரும்ப அடிக்கும். குறைந்த உழைப்பில் இத்தனை பேருக்குப் பயன்பட்ட திருத்தம் வேறில்லை.

வட்டவாரியாக வரிகளை மறைத்துக் காட்டும் பக்கங்களில் வேறொரு வேடிக்கை. மறைத்த வரியைத் திரும்பக் காட்ட 'பிளாக்' என்று எழுதினால் எக்ஸ்புளோரரில் சரி. ஃபயர்பாக்ஸில் வரி முழுவதும் முதல் நெடுவரிசைக்குள் நசுங்கும். 'டேபிள்-ரோ' என்று சரியாக எழுதினால் எக்ஸ்புளோரர் 7 வரை பிழை காட்டும். இரண்டுக்கும் ஒத்த விடை, எதையும் எழுதாமல் அந்த இடத்தை வெறுமையாக்கிவிடுவது. பிரவுசர் தனக்குத் தெரிந்தபடி வரைந்துகொள்ளும். நிரலால் புதிய வரி சேர்ப்பவர்கள் உடற்பகுதி டேக்குக்குள் சேர்க்காவிட்டால், எக்ஸ்புளோரர் 6-லும் 7-லும் அந்த வரி தெரியவே தெரியாது. சுட்டெலி மேலே போனால் வரி நிறம் மாறுவது போன்ற அலங்காரங்களை எக்ஸ்புளோரர் 6-க்கு விட்டுவிட்டால் நட்டமில்லை.

கடைசியாக, திருத்தங்களை எங்கே வைப்பது. நட்சத்திரக் குறி, கீழ்க்கோடு என்று பழைய பிரவுசருக்கு மட்டும் கேட்கும் சங்கேதங்களைப் பொதுச் சிஎஸ்எஸ்ஸுக்குள்ளேயே செருகுவது ஒரு பழக்கம். எக்ஸ்புளோரர் 5 முதல் 9 வரை மட்டும் படிக்கும் 'கண்டிஷனல் காமென்ட்' வழியாகத் தனிக் கோப்பில் வைப்பது மற்றொன்று. முன்னது ஆண்டுகள் கழித்து வருபவருக்குப் புதிர். பின்னது வேலை முடிந்ததும் ஒரே வெட்டில் எடுத்துவிடலாம். திருத்தியவரின் தரம் இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் நின்றது. எக்ஸ்புளோரரின் கடைசிப் பதிப்பான பதினொன்றை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் ஓய்வுபெறச் செய்தது. சுற்றிப்போன தந்திரங்கள் அத்தோடு செத்தன. டாக்டைப், தலைப்புக் கட்டம், தலைப்பகுதி டேக், ஒரே தசம இடம் ஆகியவற்றால் செய்த அட்டவணைகள் இன்றைய செல்பேசியிலும் அப்படியே திறக்கின்றன. காட்டுமன்னார்கோயில் இப்போதும் நீளம்தான், திரை முன்னைவிடக் குறுகல். அட்டவணையைப் பக்கவாட்டில் உருளும் பெட்டி ஒன்றுக்குள் வைத்தால் போதும்.

ஒரு பட்டியல் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டது என்று பார்க்க விரும்புபவர், கணினியில் ஃபயர்பாக்ஸைத் திறந்து, வியூ மெனுவில் 'பேஜ் ஸ்டைல்' என்பதன் கீழ் 'நோ ஸ்டைல்' என்பதைத் தேர்ந்து பார்க்கலாம். நிறமும் கோடும் உதிர்ந்தபிறகும் எந்த ஊருக்கு எந்த எண் என்று தடுமாறாமல் படிக்க முடிந்தால், அதைச் செய்தவருக்கு வேலை தெரியும்.